ஒரு மாதிரியிலிருந்து இருபது பிரதிகள்: சிலிக்கோன் அச்சு வார்ப்புக்கு ஒரு பெங்களூரு பட்டறை வழிகாட்டி

பெங்களூருவில் ஒரு பொருளை வடிவமைத்து, திரீடி பிரிண்டரில் ஒரு மாதிரி எடுப்பது இன்று யாருக்கும் பெரிய காரியமில்லை. அதற்கு அடுத்த கட்டத்தில்தான் பலர் திணறுகிறார்கள். நாலு பேரிடம் கொடுத்துப் பயன்படுத்திப் பார்க்கச் சொல்ல இருபது பீஸ் வேண்டும். இருபதையும் பிரிண்டரிலேயே எடுத்தால் மேற்பரப்பெல்லாம் வரிவரியாக இருக்கும். வாங்கிப் பார்ப்பவர் பொருளைப் பற்றிப் பேசாமல் வரிகளைப் பற்றிப் பேசுவார். இரும்பில் அச்சு வெட்டலாம் என்றால் பணமும் போகும், வாரங்களும் போகும். அதற்குள் உங்கள் வடிவமைப்பே மாறியிருக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வழி சிலிக்கோன் அச்சு. நன்றாகத் தேய்த்து முடித்த ஒரே ஒரு மாஸ்டர் துண்டை, அதாவது எல்லாப் பிரதிகளுக்கும் மூலமான மாதிரியைச் சுற்றிச் சிலிக்கோனை ஊற்றி, அது ரப்பராக இறுகிய பிறகு மாஸ்டரை வெளியே எடுத்து, அந்தக் குழியில் பாலியூரித்தேன் பிசினை (இரண்டு திரவங்களைக் கலந்தால் கெட்டிப் பிளாஸ்டிக்காக இறுகுவது) வார்ப்பது. ஓர் அச்சிலிருந்து பதினைந்து முதல் இருபத்தைந்து பிரதிகள் வரை எடுக்கலாம். வேலை முழுவதும் ஒரு மேசை, ஒரு தராசு, பம்பால் காற்றை இழுத்துவிடும் ஒரு வெற்றிடப் பாத்திரம், இரண்டு கைகளுக்குள் அடங்கிவிடும்.

ஒன்றை முதலிலேயே அழுத்திச் சொல்கிறேன். சிலிக்கோன் எதையும் மறைக்காது. மாஸ்டரில் நகம் பட்ட கீறல் இருந்தால் இருபது பிரதியிலும் அந்தக் கீறல் இருக்கும்; விரல் ரேகை இருந்தால் ரேகையும் இருக்கும். எனவே உங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் மாஸ்டரைத் தேய்ப்பதிலும், அச்சு எங்கே பிரிய வேண்டும் என்று தீர்மானிப்பதிலும் செலவாகட்டும். அங்கே அவசரப்பட்டவர்கள்தான் பிறகு ஒவ்வொரு பிரதியையும் தனித்தனியாக உட்கார்ந்து தேய்க்கிறார்கள்.

எடுத்துக்காட்டாக, மண்ணின் ஈரத்தை அளக்கும் ஒரு சிறு கருவியின் மேல் மூடியை எடுத்துக்கொள்வோம். நீளம் 80 மி.மீ., அகலம் 50, உயரம் 25. சுவரின் கனம் 2 மி.மீ.; உள்ளே திருகு ஏற நான்கு தூண்கள்.

வரைபடத்திலேயே செய்ய வேண்டியவை

பாலியூரித்தேன் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். எவ்வளவு என்பது பிசினின் தகவல் தாளில் இருக்கும். 0.3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 80 மி.மீ. நீளத்தில் கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர் குறையும். அடிப்பெட்டியும் இதே முறையில் வார்க்கப்பட்டால் இரண்டும் சேர்ந்தே சுருங்கும், கவலையில்லை. ஆனால் உள்ளே போகும் சர்க்யூட் போர்டு சுருங்காது. ஆகவே மாஸ்டரை அந்த அளவுக்குப் பெரிதாக்கி பிரிண்ட் எடுங்கள்.

இதற்கு நேர்மாறான கணக்கும் ஒன்று உண்டு. பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமரைப் பூசப் பூச மாஸ்டர் தடிக்கும். ஒரு பக்கத்துக்கு 0.1 மி.மீ. ஏறினால் இரு பக்கமும் சேர்த்து 0.2. மூடியும் பெட்டியும் கவ்விக்கொள்ளும் விளிம்பில் இந்த 0.2 இருந்தால் மூடி உள்ளே இறங்கவே இறங்காது. கவ்வும் முகங்களை மட்டும் வரைபடத்தில் அந்த அளவுக்கு உள்ளே இழுத்துவிடுங்கள்.

சுவர்களுக்கு ஒரு டிகிரி சாய்வு கொடுங்கள். 25 மி.மீ. உயரத்துக்கு அது 0.44 மி.மீ. மட்டுமே, கண்ணுக்குத் தெரியாது. சிலிக்கோன் வளைந்து கொடுப்பதால் சாய்வு இல்லாவிட்டாலும் பிரதி வெளியே வந்துவிடும்; பலர் அதை நம்பி விட்டுவிடுகிறார்கள். நாளை இதே வடிவம் இரும்பு அச்சுக்குப் போகும்போது அந்தச் சாய்வு கட்டாயம் வேண்டும். அப்போது சேர்த்தால் நீங்கள் சோதித்த பொருளும் விற்கும் பொருளும் வேறு வேறாகிவிடும்.

பிரிண்ட்

பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காக இடும் சாதாரண இழை பிரிண்டர் போதும். அடுக்கின் கனத்தை 0.1 மி.மீ. அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். வெளி முகத்தில் தாங்கிகள் (தொங்கும் பகுதிகளுக்கு முட்டுக்கொடுக்க பிரிண்டர் இடும் தூண்கள்) படாதபடி துண்டை நிறுத்துங்கள். இந்த பிரிண்டர்களில் அதிகம் பயன்படும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழை 60 டிகிரி சென்டிகிரேடுக்கு அருகிலேயே இளகத் தொடங்கும் என்பதால், வெயிலில் நிறுத்திய காருக்குள் மாஸ்டரை விட்டுச் செல்லாதீர்கள். தேய்ப்பதற்கும் சுழலும் மின்கருவியைப் பிடிக்காதீர்கள், உரசும் சூட்டில் உருகி இழுபடும்.

ஒளியால் உறையும் பிசின் பிரிண்டர் இன்னும் வழவழப்பான பரப்பைத் தரும். சார்லஸ் ஹல் 1986இல் காப்புரிமை பெற்ற முறையின் வழி வந்தது அது. ஆனால் அந்தப் பிசினில் முழுமையாக உறையாத பகுதி மிச்சமிருந்தால் பிளாட்டினம் வகைச் சிலிக்கோன் அதன் மேல் இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். அதை எப்படிச் சமாளிப்பது என்று பிறகு சொல்கிறேன்.

உப்புத்தாளும் கையும்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

ஜே.சி.ரோட்டில் கார் பெயின்ட் விற்கும் கடைகளுக்குப் போனால் ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள், ஸ்பிரே பிரைமர், பட்டி (குழிகளை நிரப்பும் பசை) எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். 220, 320, 400, 600, 800 ஆகிய எண்களில் தாள் வாங்குங்கள். இடையில் ஓர் எண்ணைத் தாண்டினால் முந்தைய தாளின் கீறலை அடுத்த தாளால் எடுக்க முடியாது.

தாளை விரலால் அழுத்தித் தேய்க்காதீர்கள். விரலின் அகலத்துக்குப் பள்ளம் விழும். தட்டையான அக்ரிலிக் துண்டிலோ மரத்துண்டிலோ தாளைச் சுற்றிப் பிடித்துத் தேய்க்க வேண்டும். 220 தாளால் நீளவாக்கில் தேய்த்தால், 320 தாளால் அகலவாக்கில் தேயுங்கள். பழைய கீறல்கள் குறுக்கே தெரியும். அவை முழுவதும் மறைந்த பிறகே அடுத்த எண்ணுக்குப் போகலாம். எப்போது நிறுத்துவது என்ற சந்தேகமே இதில் வராது.

ஓரங்கள் எப்போதும் முதலில் தேயும். கூர்மையாக இருக்க வேண்டிய ஓரங்களில் டேப் ஒட்டிவிட்டு நடுப்பகுதியை முடியுங்கள், பிறகு டேப்பை எடுத்து ஓரத்தை இரண்டே இழுப்பில் சமன் செய்யுங்கள். ஓரம் மழுங்கிய மாஸ்டரில் எவ்வளவு பளபளப்பு ஏற்றினாலும் அது சோப்புக் கட்டியாகத்தான் தோன்றும்.

320 முடிந்ததும் சாம்பல் நிறப் பிரைமரை மெல்லிய படலமாக இரண்டு முறை அடியுங்கள். அது நன்றாகக் காய்ந்த பிறகு கறுப்பு ஸ்பிரேயைத் தள்ளி நின்று லேசாகத் தூவுங்கள், புள்ளிபுள்ளியாக விழுந்தால் போதும். இப்போது 400 தாளால் ஈரத்தில் தேய்த்தால் மேடான இடங்களில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் மட்டும் தங்கியிருக்கும். கண்ணுக்குத் தப்பிய ஒவ்வொரு குழியும் கறுப்பாகக் காட்டிக்கொடுக்கும். அந்த இடங்களில் பட்டி வைத்து, காயவிட்டு, மறுபடி பிரைமர், மறுபடி தேய்ப்பு. கறுப்பு எங்கும் தங்காமல் சீராகப் போகும்வரை இந்தச் சுற்று தொடர வேண்டும். பட்டி காயும்போது சுருங்கும் என்பதால் மாலையில் வைத்துவிட்டு மறுநாள் தேய்ப்பதே நல்லது. மழைக்காலத்தில் இன்னும் பொறுத்திருங்கள்.

பெங்களூருவின் தொழிற்பேட்டையான பீன்யாவில் எனக்கு அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்த தருமபுரிக்காரர் ஒருவர், மாஸ்டரைக் கொண்டுபோனால் முதலில் கண்ணை மூடிக்கொள்வார். மெல்லிய பருத்தித் துணியைப் பரப்பின் மேல் போட்டு, அதன் மேல் நான்கு விரல்களையும் படுக்கவைத்து மெதுவாக இழுப்பார். "வெறும் விரல் பரப்பில் ஒட்டும், தம்பி. துணி இருந்தால் வழுக்கும், மேடு பள்ளம் மட்டும் தெரியும்" என்பார். இழுத்த கை ஓரிடத்தில் நிற்கும். அந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போடுவார். டியூப்லைட்டின் கீழே சாய்த்துப் பார்த்தால் விளக்கின் நேர்க்கோடு அதே இடத்தில் நெளியும். ஐ.டி.ஐ. ஃபிட்டர் பயிற்சியில் முதலில் ஓர் இரும்புக் கட்டியை அரத்தால் சமதளமாக்கச் சொல்வது இந்த உணர்வைக் கைக்குக் கொடுக்கத்தான். இன்றைக்குத் தேய்க்கத் தொடங்குகிறவரும் நாலைந்து மாஸ்டர்களுக்குள் இதைப் பிடித்துவிடலாம்.

பளபளப்பான பிரதி வேண்டுமென்றால் 1000, 1500 என்று மேலே போங்கள். மங்கலான பரப்பு வேண்டுமென்றால் 600 அல்லது 800இல் நிறுத்தலாம். மாஸ்டரின் பளபளப்பும் மங்கலும் அப்படியே பிரதிக்கு வரும்.

பிரியும் கோடு

அச்சின் இரண்டு பாதிகள் சந்திக்கும் இடத்தில் பிரதியில் ஒரு மெல்லிய கோடு விழும். அது யாருக்கும் தெரியாத இடத்தில் விழ வேண்டும். நம் மூடிக்கு அது விளிம்பு. வெளி முகம் முழுவதும் ஒரு பாதியில், உள் முகம் மறுபாதியில்.

கந்தகம் கலக்காத மாடலிங் களிமண்ணை ஒரு பலகையில் சமமாகப் பரப்புங்கள். மூடியின் உட்புறத்தைக் களிமண்ணால் விளிம்பு மட்டத்துக்கு நிரப்பி, விளிம்பு கீழே இருக்கும்படி வையுங்கள். களிமண்ணும் விளிம்பும் சந்திக்கும் இடத்தைச் சுற்றிலும் தட்டையான கருவியால் அழுத்தி, இடைவெளி கொஞ்சமும் இல்லாமல் மூடுங்கள். மயிரிழை இடைவெளி இருந்தாலும் சிலிக்கோன் உள்ளே புகுந்து, பிரதிகள் அனைத்திலும் பிசிறாக வந்து நிற்கும். இந்தக் கோட்டைச் சீர்செய்வதற்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிறகு சுற்றியுள்ள களிமண்ணில் ஒரு கோலிக்குண்டைப் பாதி ஆழத்துக்கு ஏழெட்டு இடங்களில் அழுத்தி எடுங்கள். அந்தக் குழிகள்தான் இரண்டு பாதிகளையும் பின்னால் சரியாகப் பொருத்திவைக்கும்.

மாஸ்டரைச் சுற்றி 20 மி.மீ. விட்டு அக்ரிலிக் தகடுகளால் பெட்டி கட்டுங்கள். உள்ளளவு 120 × 90 மி.மீ. வரும். மூலைகளை வெளியிலிருந்து களிமண் வைத்து அடையுங்கள்.

சிலிக்கோன்

இறுகவைக்கும் பொருளைப் பொறுத்து இரண்டு வகைகள் உண்டு. டின் (வெள்ளீயம்) வகை விலை குறைவு, எதன் மேலும் இறுகும். ஆனால் நாள் போகப் போகச் சுருங்கும், அச்சு சீக்கிரம் கிழியும். பிளாட்டினம் வகை அநேகமாகச் சுருங்காது, நீண்ட நாள் உழைக்கும்; ஆனால் கந்தகம், ரப்பர் கையுறை, டின் வகைச் சிலிக்கோன், சரியாக உறையாத பிரிண்டர் பிசின் ஆகியவை பட்டால் இறுகாது. அளவு முக்கியமான வேலைக்கு நான் பிளாட்டினம் வகையைத்தான் சொல்வேன். நைட்ரைல் கையுறை அணியுங்கள். மாஸ்டர் பிசின் பிரிண்டாக இருந்தால் நன்றாக அல்ட்ரா வயலட் ஒளியில் வைத்து, அக்ரிலிக் வார்னிஷ் அடித்து, அதே பிசினில் எடுத்த வேறொரு வேண்டாத துண்டின் மேல் ஒரு சொட்டுச் சிலிக்கோன் வைத்து இறுகுகிறதா என்று முதலில் பாருங்கள்.

சிலிக்கோனும் இரண்டு பாகங்களாக வரும், கலந்தால்தான் இறுகும். எவ்வளவு கலக்க வேண்டும்? முதல் பாதி மூடிக்கு மேல் 20 மி.மீ. வரை எழும். 120 × 90 × 45 மி.மீ. என்றால் 486 கன செ.மீ. மூடி அடைத்துக்கொள்ளும் 100 கன செ.மீ.யைக் கழித்தால் 386. சிலிக்கோனின் அடர்த்தியை 1.1 என்று கொண்டால் 425 கிராம். சிந்துவதற்கும் ஒட்டுவதற்கும் பத்து சதவீதம் கூட்டி 470 கிராம். இரண்டாம் பாதிக்கு இதே கணக்கில் 360 கிராம் வரும். கண்ணளவில் ஊற்றாமல், எஸ்.பி.ரோட்டில் 0.1 கிராம் காட்டும் மின் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

கலக்கும்போது தட்டைக் குச்சியால் மெதுவாக, பாத்திரத்தின் ஓரத்தையும் அடியையும் சுரண்டிச் சுரண்டிக் கலக்குங்கள். பிறகு வேறொரு பாத்திரத்துக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள். முதல் பாத்திரத்தின் ஓரத்தில் கலக்காமல் தங்கிய சிலிக்கோன் அச்சில் போய்ச் சேர்ந்தால் அந்த இடம் ஒருபோதும் இறுகாது.

அடுத்து வெற்றிடம். கலவையைப் போல நான்கு மடங்கு கொள்ளும் பாத்திரத்தில் வையுங்கள். காற்றை இழுக்க இழுக்கச் சிலிக்கோன் பால் பொங்குவதுபோல் மேலே எழுந்து, ஒரு கட்டத்தில் உடைந்து அடங்கும். அடங்கிய பிறகும் இரண்டு நிமிடம் விடுங்கள். இங்கே பெங்களூருக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. தகவல் தாள்களில் 29 அங்குலப் பாதரச அளவு வெற்றிடம் வேண்டும் என்று போட்டிருப்பார்கள். அது கடல் மட்டத்துக்கான கணக்கு. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தமே 27 அங்குலம்தான். எவ்வளவு நல்ல பம்ப் வைத்தாலும் மீட்டரின் முள் 27ஐத் தாண்டாது. பம்ப் பழுது என்று கழற்றிப் பிரிக்க வேண்டாம். முள் 26க்கு மேலே வந்து, சிலிக்கோன் எழுந்து அடங்கினால் வேலை முடிந்தது.

முதலில் மாஸ்டரின் மேல் தூரிகையால் மெல்லிய படலம் பூசுங்கள், மூலைகளில் காற்று தங்காது. பிறகு பெட்டியின் ஒரு மூலையில், உயரத்திலிருந்து மெல்லிய இழையாக ஊற்றுங்கள். சிலிக்கோன் தானாகப் பரவி மாஸ்டரின் மேல் ஏறட்டும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் கூடுவதால் தகவல் தாளில் போட்டிருக்கும் நேரத்தைவிட இறுக அதிகம் பிடிக்கும்.

இறுகியதும் பெட்டியைக் கவிழ்த்து, களிமண்ணை நீக்குங்கள். மாஸ்டரை அசைக்காதீர்கள். ஒருமுறை கழன்றுவிட்டால் அதே இடத்தில் மறுபடி உட்காராது. விளிம்பின் ஒரு மூலையில் 6 மி.மீ. குச்சியை ஒட்டுங்கள், பிசின் இறங்கும் வழி அது. எதிர்ப்பக்க மூலைகளில் 2 மி.மீ. குச்சிகள், காற்று வெளியேற. வெளியே தெரியும் சிலிக்கோன் முகம் முழுவதும் வாசலினை மெல்லிய படலமாகத் தடவுங்கள். இதை விட்டால் இரண்டு பாதிகளும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், கத்தியால்தான் பிரிக்க வேண்டியிருக்கும். மாஸ்டரின் மேல் வாசலின் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டாம் பாதியை ஊற்றுங்கள். அதுவும் இறுகியதும் இரண்டையும் பிரித்து, மாஸ்டரையும் குச்சிகளையும் எடுத்துவிடுங்கள்.

வார்ப்பு

வார்க்கும்போது வெளி முகம் கீழே, விளிம்பு மேலே. குமிழிகள் மேலே ஏறி விளிம்பை நோக்கிப் போகும், பார்வைக்கு வரும் முகம் சுத்தமாக இருக்கும். திருகுத் தூண்கள் மட்டும் இதில் தொல்லை தரும்: மேல் பாதியில் அவை முனை மூடிய குழிகள், காற்று அங்கே சிக்கிக்கொள்ளும், தூணின் நுனி வார்ப்பில் விழாமல் போகும். ஒவ்வொரு தூணின் நுனியிலிருந்தும் மெல்லிய ஊசியால் அச்சின் வெளிப்புறம்வரை ஒரு துளை போடுங்கள்.

இரண்டு பாதிகளையும் பொருத்தி, மேலும் கீழும் பலகை வைத்து, ரப்பர் பட்டையால் கட்டுங்கள். பலகை இல்லாமல் இறுக்கிக் கட்டினால் சிலிக்கோன் நெளிந்து பிரதியும் கோணலாகும்.

பாலியூரித்தேனுக்கு ஈரம் ஆகாது. ஈரம் பட்டால் கரியமில வாயு உண்டாகி நுரைத்துவிடும். ஜூன் முதல் அக்டோபர் வரை இந்தத் தொல்லை அதிகம். மரக்குச்சியால் கலக்காதீர்கள், மரத்தில் ஈரம் இருக்கும். ஸ்டீல் கரண்டி போதும். டப்பாவை எடுத்தவுடன் மூடுங்கள். மூடி ஒன்றுக்கு 21 கிராம் பிசின், வழிகளையும் சேர்த்து 30 கிராம். கலந்த பிறகு மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் கெட்டியாகத் தொடங்கும் வகைகளே அதிகம் என்பதால் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்ட பிறகே இரண்டு பாகத்தையும் சேருங்கள். காற்றுத் துளைகளில் பிசின் எட்டிப் பார்க்கும்வரை ஊற்றி, அச்சைப் பக்கவாட்டில் தட்டுங்கள்.

இந்தப் பிசினில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் ஆவி ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்கு வரவே வேண்டாம். துணி முகக்கவசம் பயன்படாது. ஆவியைத் தடுக்கும் குப்பி பொருத்திய முகக்கவசம், கண்ணாடி, கையுறை, காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி ஆகியவை இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். குமிழிகளை நசுக்க அழுத்தப் பாத்திரம் பயன்படுத்துவோரும் உண்டு. அதற்கென்று தயாரித்து, தாங்கும் அழுத்தம் பொறிக்கப்பட்ட பாத்திரமாக இருக்க வேண்டும். சமையலறைக் குக்கரை இதற்கு மாற்றிக் காற்றடைப்பது உயிருக்கு ஆபத்து.

தாளில் சொன்ன நேரம் முடிந்ததும் பிரதியை எடுங்கள். சீக்கிரம் எடுத்தால் மெல்லிய சுவர்கள் வளைந்துவிடும். பிசின் இறங்கிய வழியில் இறுகி நிற்கும் தண்டை ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டி, மிச்சத்தை அரத்தால் விளிம்பு மட்டத்துக்கு இறக்குங்கள். ஐந்து பிரதிக்கு ஒருமுறை நீளத்தையும் கவ்வும் விளிம்பையும் வெர்னியரில் பார்த்து எழுதிவையுங்கள். பரப்பு மங்குவதும் பிசிறு கூடுவதும் அச்சு ஓயத் தொடங்கியதற்கு அடையாளம்.

இரும்பு அச்சுக்குப் போகும்போது

இருபது பேர் பயன்படுத்தி, வடிவம் உறுதியான பிறகு பீன்யாவிலோ ராஜாஜிநகரிலோ ஒரு டூல் ரூமுக்கு, அதாவது இரும்பு அச்சு செய்யும் பட்டறைக்குப் போவீர்கள். ராஜாஜிநகரில் 1972இல் டென்மார்க் உதவியோடு தொடங்கிய அரசு டூல் ரூம் பயிற்சி மையத்தில் தேர்ந்தவர்கள் இந்த ஊர்ப் பட்டறைகளில் நிறைய இருக்கிறார்கள். அச்சின் இரு பாதிகளும் முழுமையாக ஒட்டுகின்றனவா என்று அவர்கள் பார்க்கும் விதத்தை வாய்ப்புக் கிடைத்தால் நேரில் பாருங்கள். ஒரு பாதியில் நீல மையை மிக மெல்லியதாகத் தடவி, மறுபாதியை மூடித் திறப்பார்கள். மை ஒட்டிய இடம் மேடு; அதை மட்டும் கல்லாலோ சுரண்டியாலோ இறக்கி, மறுபடி மை, மறுபடி மூடல். மை எல்லா இடத்திலும் சீராக ஒட்டும்வரை நிறுத்த மாட்டார்கள். நூறில் சில பங்கு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும் உருகிய பிளாஸ்டிக் அதில் பிசிறாகப் பிதுங்கும்.

அவர்களிடம் வரைபடக் கோப்பை மட்டும் அனுப்பிவிட்டு இருக்காதீர்கள். உங்கள் வார்ப்புப் பிரதிகளில் இரண்டை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். ஒன்றில் பிரியும் கோட்டை மார்க்கரால் வரைந்து, தள்ளு ஊசியின் (இறுகிய பொருளை அச்சிலிருந்து வெளியே தள்ளும் கம்பியின்) தடம் எங்கே விழக்கூடாது என்பதற்குப் பெருக்கல் குறி போட்டு, எந்த பிளாஸ்டிக்கில் வார்க்கப்போகிறீர்கள் என்பதையும் அதிலேயே எழுதிக் கொடுங்கள், ஏ.பி.எஸ். ஒரு விகிதத்தில் சுருங்கும், பாலிபுரோப்பிலீன் அதைவிட அதிகமாகச் சுருங்கும், அச்சின் அளவே அதைப் பொறுத்து மாறும். இன்னொன்றைச் சர்க்யூட் போர்டு பொருத்தி, திருகு முடுக்கிய நிலையில் கொடுங்கள். எந்த முகம் கவ்வுகிறது, எங்கே இறுக்கம் வேண்டும் என்பதை அவர்கள் அதைக் கழற்றி மாட்டிப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள்.